அடைமழைக்குப் பின் மல்லிகை அழுகுதலும் அதனைக் காக்கும் முறையும்

காஞ்சிபுரம் ஜில்லா உத்திரமேரூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் வடகிழக்குப் பருவ மழையே ஆண்டின் பெருமழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் அம்மழையால் ஏரிகள் நிரம்புகின்றன. நிரம்பிய ஏரியைக் கொண்டு நெல் விளைகிறது. ஆதலின் மழை குறைந்ததென்று வருந்துவோர் பலர். மிகுந்ததென்று வருந்துவோர் சிலரே. அச்சிலருள் புழக்கடையில் மல்லிகை வளர்ப்போரும் சேர்ந்தவர்.

ஓர் இல்லத்தைக் கருதுக. கிணற்றடிக்கு அப்பால் இருபது ஆண்டுகளாக ஒரு குண்டுமல்லிச் செடி நிற்கிறது. அவ்வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்மணி தம் பிறந்த ஊரிலிருந்து கொணர்ந்து நட்ட பதியன் அது. கோடைக்காலம் முழுவதும் நாள்தோறும் அரும்பு தந்து, சுவாமி படத்துக்கும் வீட்டுப் பெண்களின் கூந்தலுக்கும் போக, அண்டை வீட்டாருக்கும் ஒரு முழம் கொடுக்கும்படி விளங்கியது. கார்த்திகையில் ஐந்து நாள் அடைமழை பெய்கிறது. மழை பெய்யும் வரையில் செடிக்கு யாதொரு கேடும் தோன்றவில்லை. இலைகள் கழுவி வைத்தவை போலப் பசுமையாயிருக்கின்றன. மழை விட்டு வெயில் அடித்த மூன்றாம் நாள் இலைகள் தொங்குகின்றன. வெயிலுக்கு வாடிற்றென்று எண்ணி வீட்டார் இரண்டு குடம் நீர் வார்க்கின்றனர். பத்தாம் நாள் இலைகளெல்லாம் பழுத்து உதிர்கின்றன. தண்டைப் பிடித்து அசைத்தால் அடியோடு பெயர்ந்து கையில் வந்துவிடுகிறது.

இவ்விழப்பு பணத்தால் அளக்கத் தக்கதன்று. சந்தையில் வேறொரு மல்லிகைக் கன்று சிறு விலைக்குக் கிடைக்கும். ஆயினும் அது அந்தச் செடியாகாது. மழை அடித்துவிட்டதென்று சிலரும், கண்ணேறு பட்டதென்று சிலரும் சொல்லித் துயரம் ஆறுவர். உண்மையில் அச்செடியைக் கொன்றது மழையன்று; மழைக்குப் பின் வேரடியில் நின்ற நீரேயாகும். இதனை அறிந்தால் செடியைப் பெரும்பாலும் காக்கலாம். காக்க இயலாமற் போன விடத்தும் அதன் வழியை அழியாமல் நிறுத்தலாம். அவ்விரண்டு முறைகளும் இங்கே விளக்கப்படுகின்றன.

நோயின் அறிகுறிகள்

முதற்குறி, நிலம் ஈரமாயிருக்கும்போதே இலை வாடுதல். வறட்சியால் வாடும் செடி மாலையில் அல்லது நீர் வார்த்தபின் நிமிர்ந்துவிடும். வேரழுகலால் வாடும் செடி காலையிலும் தொங்கியே நிற்கும். நீர் வார்க்க வார்க்க நிலை கெடும். பின்னர் அடியிலைகள் மஞ்சளாகிக் கழன்று விழும். கொம்புகளின் நுனி கறுத்துச் சுருங்கும்.

இக்குறிகள் தோன்றியவுடன் செடியின் அடியில் ஒரு பக்கத்து மண்ணை விரலால் மெல்ல விலக்கிச் சிறு வேர் ஒன்றை எடுத்துப் பார்த்தல் வேண்டும். நல்ல வேர் வெளிறிய நிறத்துடன் உறுதியாயிருக்கும், கிள்ளினால் ஒடியும். அழுகிய வேர் பழுப்பு நிறமாய்க் கொழகொழத்திருக்கும். இரு விரல்களால் உருவினால் மேற்பட்டை கையோடு வந்து உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சும். முகர்ந்தால் சேற்று நாற்றம் வீசும்.

அடுத்து, தண்டு மண்ணைத் தொடும் கழுத்துப் பகுதியைக் கவனிக்க வேண்டும். அங்கே பஞ்சிழை போன்ற வெண்மையான படலம் விசிறிபோற் படர்ந்திருந்தாலும், கடுகு போன்ற பழுப்பு நிறச் சிறு உருண்டைகள் காணப்பட்டாலும் பூசணம் பற்றிவிட்டதென்று துணியலாம். அவ்வுருண்டைகளை எறும்பின் முட்டையென்றோ எருவில் வந்த விதையென்றோ மயங்கி விட்டுவிடக் கூடாது.

மழை விட்ட பின்னர்ச் செடி மடிவது ஏன்?

மழை பெய்யும்போது பசுமையாக நின்ற செடி வெயில் வந்தபின் மடிவது பலருக்கும் வியப்பைத் தருகிறது. அதன் காரணத்தை அறிவதே இப்பாடத்தின் மையமாகும்.

மனிதரைப் போலவே வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் பருக்கைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய புழைகளில் காற்று நிறைந்திருக்கிறது. அக்காற்றிலுள்ள பிராணவாயுவை வேர் உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. மழை நீர் நின்றுவிட்டால் அப்புழைகளிலெல்லாம் நீர் நிறைந்து காற்று வெளியேறுகிறது. நீரில் பிராணவாயு ஊடுருவிச் செல்லும் வேகம் காற்றிற் செல்வதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. எஞ்சிய சிறிதளவு பிராணவாயுவையும் வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் விரைவில் செலவழித்துவிடுகின்றன. அதன் பின் வேர் திணறுகிறது. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்று இறங்கும் குழாய் போன்ற அமைப்பு இயற்கையாகவே உள்ளது. ஆதலின் அது நீரில் நின்று வாழும். மல்லிகைக்கு அத்தகைய வசதி போதியதாக இல்லை.

திணறிய வேரின் நுனிகள் முதலில் இறக்கின்றன. நீரை உறிஞ்சுவன அந்நுனிகளே. எனினும் வானம் மூடியிருக்கும் நாட்களில் இலைகள் வெளிவிடும் நீர் மிகக் குறைவாதலால், வேர் கெட்டது வெளியே தெரிவதில்லை. வெயில் வந்தவுடன் இலைகள் நீரைக் கேட்கின்றன, கொடுப்பதற்கு வேரில்லை. அன்றுதான் செடி வாடத் தொடங்குகிறது. சுற்றிலும் நீர் இருந்தும் செடி தாகத்தால் மடிகிறது. அறியாமல் வார்க்கும் இரண்டு குடம் நீர், பிழைத்திருந்த வேர்களையும் மூழ்கடிக்கிறது.

அழுகலை முற்றுவிக்கும் பூசணம்

வேர் வலுவிழந்த நிலையில் பூசணம் நுழைகிறது. மல்லிகையின் கழுத்தழுகலுக்குக் காரணமானவற்றுள் முக்கியமானது ஸ்கிளிரோஷியம் ரால்ப்சி என்னும் பூஞ்சக்காளான். அமெரிக்காவில் பிளாரிடா நாட்டில் தக்காளிச் செடிகள் அழுகியபோது ரால்ப்ஸ் என்பவர் 1892-ல் இதனை ஆராய்ந்து எழுதினார். அவர் பெயரே இதற்கு வழங்குகிறது. நிலக்கடலை, மிளகாய், தக்காளி, வெற்றிலை முதலாகப் பல நூறு வகைச் செடிகளை இது பற்றும்.

இப்பூசணம் முழுதும் நீரில் மூழ்கிய மண்ணில் செழிப்பதில்லை. இதற்கும் காற்று வேண்டும். நீர் வடிந்து, மண் ஈரமாகவும் காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும் நாட்களே இதற்கு உகந்தவை. மழைக்குப் பின் வெயில் அடிக்கும் முதல் இரண்டு வாரங்கள் அத்தகையனவே. கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் உதிர்ந்த இலை, மக்காத எரு, வெட்டிப் போட்ட கிளை ஆகியவற்றை முதலில் உண்டு வலுப்பெற்றுப் பின்னர்த் தண்டின்மேல் தாவுகிறது. தாவுமுன் ஒருவகைப் புளிப்பு அமிலத்தைச் சுரந்து தண்டின் தோலை இறக்கச் செய்கிறது. இறந்த தோலின் வழியே உள்ளே செல்கிறது.

முன்னர்க் கூறிய கடுகு போன்ற உருண்டைகள் இப்பூசணத்தின் உறங்கு நிலையாகும். உணவு தீர்ந்தவுடன் இது அவ்வுருண்டைகளாக மாறி மண்ணில் தங்கிவிடுகிறது. கோடையும் வறட்சியும் அவற்றை எளிதில் அழிப்பதில்லை; பல ஆண்டுகள் கிடந்து, ஈரமும் செடியும் கிடைத்தவுடன் முளைக்கின்றன. மடிந்த மல்லிகையின் குழியிலேயே வேறொரு மல்லிகையை நட்டு, அதுவும் அடுத்த கார்த்திகையில் மடியக் கண்டு, இவ்விடத்துக்கு மல்லிகை ராசியில்லை என்று கைவிடுவோர் உண்டு. அங்கே இருந்தது ராசியின்மையன்று. முன்னைச் செடி விட்டுச் சென்ற உருண்டைகளே.

நீர் எங்கிருந்து வருகிறது?

புழக்கடையில் நிற்கும் நீர் வானத்திலிருந்து நேரே விழுந்தது மட்டுமன்று. கூரையின் ஒரு சரிவு 20 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ளதென்று கொள்க. ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அச்சரிவிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1,850 லிட்டர் நீர் இறங்கும். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று கணக்கிட்டால் இது 120 குடங்களுக்கு மேலாகும். கோடையில் நிழலும் ஈரமும் கருதி இறவாரத்தின் ஓரமாக நடப்பட்ட செடிக்குக் கார்த்திகையில் இத்தனை குடமும் தலைமேல் வந்து விழும். அதனுடன் கிணற்றடி நீரும், துவைகல் நீரும் சேரும்.

முன்னாளில் இந்நீர் புழக்கடையைக் கடந்து ஓடைக்குச் சென்றது. இந்நாளில் பல ஊர்களில் தெருச்சாலை மேன்மேலும் உயர்ந்து வீட்டு மனை தாழ்ந்துவிட்டது. சுற்றிலும் எழுப்பிய மதில் நீரைத் தடுக்கிறது. முற்றத்திற் போட்ட சிமெண்டுத் தளம் நீரை மண்ணுக்குள் விடாமல், தளமில்லாத ஒரே மூலைக்குத் தள்ளுகிறது. அம்மூலையில்தான் மல்லிகை நிற்கிறது.

இம்மாவட்டத்தின் மழை எத்தகைய அளவை எட்டக்கூடும் என்பதற்கு 2015-ஆம் ஆண்டு சான்றாகும். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், அப்போது காஞ்சிபுரம் ஜில்லாவில் இருந்த தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. தாம்பரம் 2019 முதல் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அத்தகைய மழை ஆண்டுதோறும் வருவதன்று. ஆனால் அதில் நான்கில் ஒரு பங்கு பெய்தாலும் தாழ்ந்த புழக்கடையில் நீர் நின்றுவிடும்.

உத்திரமேரூர் மக்களுக்கு நீரை ஆளும் வித்தை புதிதன்று. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவனவாய் உலகப் புகழ் பெற்றவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் எடுக்கப்பட்டவருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமைந்தனர். தோட்டமும் ஏரியும் ஊரார் பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டிய வேலைகளாக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே மதிக்கப்பட்டன. ஏரியைக் கட்டியவர் கரையை மட்டும் கட்டவில்லை. மிகுந்த நீர் வெளியேறக் கலங்கலையும் அமைத்தனர். கலங்கல் இல்லாத ஏரி உடையும். வடிகால் இல்லாத புழக்கடையில் செடி அழுகும். இரண்டுக்கும் விதி ஒன்றே.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

புரட்டாசி முடிவதற்குள் பின்வரும் வேலைகளைச் செய்துவிடுதல் உத்தமம்.

முதலாவது, மண்ணைச் சோதித்தல். செடிக்கு இரண்டு முழம் தள்ளி ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள குழி எடுத்து நீரால் நிரப்ப வேண்டும். அது முழுவதும் வடிந்தபின் மறுபடியும் நிரப்பி, நீர் இறங்கும் வேகத்தை ஓர் அளவுகோலால் பார்க்க வேண்டும். மணிக்கு ஓர் அங்குலமேனும் இறங்கினால் மண் நன்று. காலையில் வார்த்த நீர் மாலையிலும் நின்றால் அவ்விடம் மல்லிகைக்கு ஆகாது. செம்மண் மேட்டிலுள்ள வீடுகளில் நீர் விரைவில் இறங்கும். ஏரியின் கீழ் நன்செய்யை ஒட்டிய மனைகளில் களிமண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, வடிகால். செடியிலிருந்து மூன்றடி தள்ளி, முக்கால் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள கால்வாயை வெட்டி, பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு விட்டுத் தாழ்ந்த பக்கத்துக்கு நீரைக் கொண்டுபோக வேண்டும். மதில் இருந்தால் அதன் அடியில் ஒரு குழாய் வைத்து நீர் வெளியேற வழி செய்ய வேண்டும். அவ்வழி அண்டை வீட்டார் புழக்கடையில் முடியலாகாது. இறவாரத்தில் தகரத் தூம்பு கட்டிக் கூரை நீரைத் தொட்டிக்கோ கிணற்றுக்கு அருகிலுள்ள உறிஞ்சு குழிக்கோ திருப்பிவிடுதல் இரட்டைப் பயன் தரும்.

மூன்றாவது, மேடு. வேனிலில் நீர் தங்குவதற்காகச் செடியைச் சுற்றிக் கட்டிய பாத்தி, மாரியில் கிண்ணம் போல் நீரைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் புரட்டாசியிலேயே அதன் வரப்பை உடைத்துவிட்டு, நீர் வெளிப்புறம் வழியும்படி மண்ணைச் சாய்வாக அணைக்க வேண்டும். அணைக்கும் மண் கழுத்தை மூடலாகாது. மூடினால் அதுவே அழுகலுக்கு வழியாகும். புதிதாக நடுவோர் ஓர் அடி உயரமும் நான்கடி அகலமும் உள்ள மேடு அமைத்து அதன்மேல் நடுவது நலம்.

நான்காவது, துப்புரவு. கழுத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு இலை, சருகு, மக்காத சாணம் ஒன்றும் இல்லாமல் பெருக்கி வைக்க வேண்டும். நன்கு மக்கிய எரு ஒரு கிலோவுக்கு 50 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத் தூளைக் கலந்து, வேர்ப்பரப்பின்மேல் தூவி மண்ணோடு கிளறிவிடலாம். இது தீய பூசணத்தின் இழைகளைப் பற்றி அழிக்கும் தன்மையுடையது. எனினும் வடிகால் இல்லாத இடத்தில் இதனால் மட்டும் பயன் விளையாது.

கவாத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். குண்டுமல்லியை நவம்பர் மாத இறுதியில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டுக் கவாத்துச் செய்வது வழக்கம். அக்காலம் மழைக்காலமாகவே இருக்கிறது. மழை பெய்யும்போதோ நிலம் சேறாயிருக்கும்போதோ வெட்டினால் வெட்டுவாயில் அழுகல் புகும். தேதியைவிட வானத்தைப் பார்ப்பதே முறை; இரண்டு வாரம் தாழ்ந்தாலும் நிலம் காய்ந்தபின் வெட்டுக. வெட்டிய கிளைகளைச் செடியடியில் விடாமல் அன்றே அகற்றுக.

மழை நின்றவுடன் செய்ய வேண்டியவை

நீரை வடிப்பதே முதற் சிகிச்சை. அதனை மறுநாளைக்கு ஒத்தி வைத்தலாகாது. வடிகால் இல்லாவிடில் குறுக்கே ஒரு சிறு குழி வெட்டி, அதில் இறங்கும் நீரை வாளியால் மொண்டு கொட்டலாம். வெள்ளம் கொணர்ந்த வண்டல் கழுத்தின்மேல் படிந்திருந்தால் கையால் வழித்தெடுக்க வேண்டும். ஈர நிலத்தில் கால் வைத்து மிதிப்பதும் கொத்துவதும் கூடா. அவை மண்ணை இறுக்கி எஞ்சிய காற்றையும் வெளியேற்றும். மண் கையிற் பிடித்தால் உதிரும் பதம் வந்தபின் மேல்மண்ணை இரண்டு அங்குலம் மட்டும் களைக்கொட்டால் மெல்லக் கிளறிவிடுக.

வாடிய செடிக்கு நீர் வார்க்கலாகாது. நிலம் ஓர் அங்குல ஆழத்துக்கேனும் காய்ந்தபின்னரே நீரைப் பற்றி நினைக்க வேண்டும். யூரியா முதலிய உரங்களையும் இடலாகாது. நலிந்த வேருக்கு உரம் சுமையேயன்றி உணவாகாது. வேர் குறைந்த அளவுக்குக் கிளையையும் குறைத்தால் செடி தாங்கும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு கொம்புகளைக் கூரிய கத்தரியால் வெட்டி எடுக்கலாம். புதுத் தளிர் இரண்டு மூன்று கண்ட பிறகே சிறிது மக்கிய எரு இடுக.

கழுத்தில் வெண்படலம் கண்டால், அதனைப் படிந்த மண்ணோடு சுரண்டியெடுத்து எரித்துவிட்டு, லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து, நீர் வடிந்த பின்னர் வேர்ப்பகுதி நனையும்படி ஊற்ற வேண்டும். அது கிடைக்காத இடத்தில் ஒரு சதவீத போர்டோ கலவையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மயில்துத்தம் 100 கிராமை 5 லிட்டர் நீரிலும், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமை வேறு 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, சுண்ணாம்பு நீரில் மயில்துத்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குக. பாத்திரம் மண்ணாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதாயிருக்க வேண்டும், இரும்பு கூடாது. துருவில்லாத கத்தியைக் கலவையில் ஒரு நிமிஷம் வைத்தெடுத்தால் செம்பு நிறம் படிந்திருக்குமாயின் சுண்ணாம்பு போதாதென்று பொருள்; இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். கலவையை அன்றே பயன்படுத்திவிடுக. கையுறை அணிவதும், குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கி வைப்பதும், கிணற்றில் சிந்தாமல் பார்ப்பதும் அவசியம். செம்பு மருந்தையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே சமயத்தில் இடலாகாது. இரண்டு வாரமேனும் இடைவெளி வேண்டும்.

மருந்து, பற்றாத வேரைக் காக்குமேயன்றி அழுகிய வேரை உயிர்ப்பிக்காது. இதனை மறந்து, நாள்தோறும் மருந்து ஊற்றிச் செடியை மீண்டும் ஈரத்தில் நிறுத்துவோர் மருந்தாலேயே அதனை இழப்பர்.

செடி தப்பாதென்று கண்டால்

கழுத்தைச் சுற்றி முழுவதும் பட்டை பழுத்துக் கழன்றுவிட்டால் அச்செடி தப்பாது. அந்நிலையிலும் செய்யத் தக்கது ஒன்றுண்டு. அதுவே பலரும் அறியாமல் விடுவது.

குண்டுமல்லி பெரும்பாலும் விதை கட்டுவதில்லை. அது கொம்பால் வாழும் செடி. ஒரு செடியின் கொம்பை ஒடித்தோ பதியனிட்டோ பெறும் கன்று, அதன் பிள்ளை என்பதைவிட அதுவே என்பது பொருந்தும். பூவின் அடுக்கும், மணமும், அரும்பும் காலமும் ஒரு சிறிதும் மாறா. புழக்கடையில் நிற்கும் மல்லிகை எதுவும் அங்கே தொடங்கியதன்று. ஒரு தாய் வீட்டிலிருந்தோ ஒரு கோயில் நந்தவனத்திலிருந்தோ கைமாறிக் கைமாறி வந்தது. ஆதலால் அடி அழுகினாலும் நுனி பசுமையாயிருக்கும் வரையில் அச்செடி முற்றும் இறந்ததாகாது.

இலை முற்றும் உதிருமுன், மண்ணைத் தொடாத மேற்கொம்புகளில் பசுமையும் உறுதியும் உள்ளவற்றைத் தேர்ந்து, மூன்று நான்கு கணுக்கள் உள்ளனவாய் ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்குக. உள்ளே பழுப்பு ரேகை காணும் துண்டுகளைத் தள்ளிவிடுக. கத்தியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் துடைத்தெடுப்பது நல்லது. அடிக்கணுவின் இலைகளை நீக்கி, நுனியில் இரண்டு இலைகளைப் பாதியாகக் கத்தரித்து விட்டு, அடியில் துளையுள்ள தொட்டியில் ஆற்று மணல் நிரப்பி, இரண்டு கணு மணலுக்குள் இருக்கும்படி சாய்த்து நடுக. மடிந்த செடியினிடத்து மண்ணைச் சிறிதும் இதில் சேர்க்கலாகாது. நிழலில் வைத்து மணல் காயாத அளவுக்கே நீர் தெளிக்க வேண்டும். பத்துத் துண்டு நட்டால் சிலவே வேர் விடக்கூடும். மழைக்காலத்தில் அவசரமாக எடுத்தவை அதனினும் குறைவாகவே பிழைக்கும். எனினும் ஒன்று பிழைத்தாலும் செடி பிழைத்ததாகும்.

ஆயினும் நோய் வந்தபின் ஓடுவதைவிட முன்னரே பதியனிட்டு வைத்தல் மேலானது. ஆனி ஆடி மாதங்களில் தாழ்ந்த கொம்பு ஒன்றை வளைத்து, ஒரு கணுவின் அடியில் பட்டையைச் சிறிது சீவி, மண் நிரப்பிய தொட்டியில் அழுத்தி மேலே கல் வைத்தால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் வேர் விடும். அதனைத் தாய்ச்செடியிலிருந்து பிரித்து, வீட்டின் வேறொரு மூலையில் மேட்டில் நடுக. இரண்டாவது பதியனை அண்டை வீட்டிலோ, மணமாகிச் சென்ற மகள் வீட்டிலோ கொடுத்து வைக்குக. கொடுத்த செடி காப்பாற்றப்பட்ட செடியாகும். ஒரு புழக்கடையில் வெள்ளம் வந்தால் மற்றொன்றிலிருந்து அது திரும்பி வரும்.

மடிந்த செடியின் குழி

மடிந்த செடியை வேரோடும், சுற்றிலும் ஒரு முழ அளவு மண்ணோடும் தோண்டியெடுத்து, செடியைக் காயவைத்து எரித்துவிட வேண்டும். எருக்குழியிலோ வாய்க்காலிலோ எறியலாகாது. எறிந்தால் கடுகுருண்டைகள் ஊர் முழுதும் செல்லும். தோண்டிய கடப்பாறையையும் மண்வெட்டியையும் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

சித்திரை, வைகாசி மாதத்து வெயிலைக் கொண்டே குழியைத் தூய்மை செய்யலாம். மண்ணைக் கொத்தி நீர் தெளித்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலிதீன் தாளை அதன்மேல் விரித்து ஓரங்களை மண்ணால் அணைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவைத்தால் மேல்மண் கொதித்துப் பூசணம் பெரிதும் குறையும். இம்முறையை 1976-ல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் விளக்கி வெளியிட்டனர். வெயில் மிகுந்த இந்நாட்டுக்கு இது செலவற்ற மருந்து. ஆயினும் ஆழத்தில் உள்ளவை தப்பக்கூடுமாதலால், அவ்விடத்தில் சில ஆண்டுகள் மல்லிகை, மிளகாய், தக்காளி ஆகியவற்றை நடாமல் சோளம் போன்ற தானியங்களை விதைப்பது நன்று.

மற்றச் செடிகள்

புழக்கடையில் நீர் நிற்பதைப் பொறாத செடிகள் வேறும் உள. பப்பாளி இரண்டு நாள் நீர் நின்றாலே அடித்தண்டு கொழகொழத்துச் சாய்ந்துவிடும். எலுமிச்சையின் கழுத்தில் பட்டை வெடித்துப் பிசின் வடியும். வெற்றிலைக் கொடி திடீரென வாடும். இவற்றை அழிப்பவை பெரும்பாலும் பித்தியம், பைட்டாப்தோரா என்னும் நீர்வழி நோய்க் காரணிகள். இவற்றின் வித்துகளுக்கு இரண்டு வால்கள் உண்டு. மண்ணிடையே நிற்கும் நீரில் நீந்திச் சென்று வேரை அடைகின்றன. நீர் இல்லையேல் அவற்றுக்கு வழியில்லை. பைட்டாப்தோரா என்பதற்குச் செடியை அழிப்பது என்று பொருள். 1876-ல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி அப்பெயரிட்டார். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுகச் செய்து, பத்து லட்சம் பேர் வரை மடியக் காரணமான பஞ்சத்தை விளைத்தது இவ்வினத்தைச் சேர்ந்ததே. இந்தியாவில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் தஸ்தூர் 1913-ல் ஆமணக்குச் செடியில் இவ்வினத்தின் மற்றொரு வகையைக் கண்டு விவரித்தார். இக்காரணிகள் உண்மையான பூசணங்கள் அல்ல, கடற்பாசிகளுக்கு நெருங்கிய உறவுடையவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நீரே அவற்றின் பாதையாயிருப்பதில் வியப்பில்லை. மல்லிகைக்குக் கூறிய வடிகாலும் மேடும் இச்செடிகளுக்கும் முதற் காப்பாகும்.

சுருக்கம்

1. மழை விட்டபின் ஈர நிலத்தில் வாடும் செடிக்கு நீர் வார்க்கலாகாது. முதலில் வேரைப் பார்க்க வேண்டும்.

2. புரட்டாசிக்குள் பாத்தி வரப்பை உடைத்து, வடிகால் வெட்டி, கூரை நீரைத் திருப்பிவிட வேண்டும்.

3. கழுத்தை மண்ணாலோ சருகாலோ மூடலாகாது. நிலம் காயும் வரையில் கவாத்துச் செய்யலாகாது.

4. நீர் வடிந்த பின்னரே மருந்து. தளிர் கண்ட பின்னரே எரு.

5. மடிந்த செடியை எரித்துவிட வேண்டும். அதே குழியில் உடனே மல்லிகை நடலாகாது.

6. அருமையான செடி எதற்கும் ஆண்டுக்கொரு பதியன் எடுத்து, ஒன்றையேனும் வேறொரு வீட்டில் வளரச் செய்ய வேண்டும்.

முன்னர்க் கூறிய இல்லத்தில் செடி மடிந்த நாளில் அதன் பதியன் ஒன்று அண்டை வீட்டில் நின்றிருக்குமாயின், அடுத்த ஆனியில் அதிலிருந்து ஒரு கொம்பை வாங்கி வந்து மேட்டில் நட்டிருக்கலாம். அம்மல்லிகை மீண்டும் அதே வீட்டில் பூத்திருக்கும். அவ்வொரு கொம்பை முன்னதாகக் கொடுத்து வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு மண் தொட்டியும் ஒரு கல்லுமே.